எலி மருந்து

எங்கள் கோம்பைப் பக்கம் மருந்து என்றால் திராட்சைக்கு அடிக்கிற மருந்துதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். உடம்புக்கு என்றால் மாத்திரை, ஊசி என்று பிரித்துச் சொல்வோம். இதெல்லாம் தெரிந்தும் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

எனக்குக் கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை. கார்பனில், அதாவது கரியில், கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் செய்து அவற்றில் புற்றுநோய் மருந்தை ஏற்றுவோம். மருந்து உடம்பெல்லாம் அலையாமல் கட்டியைத் தேடிப் போய் அங்கேயே இறங்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு. பந்தல் முழுக்க அடிக்காமல் பூச்சி விழுந்த கொத்துக்கு மட்டும் மருந்தடிக்கிற மாதிரி என்று அண்ணனுக்கு ஒருமுறை விளக்கியிருந்தேன். மனிதர் அதைப் பத்திரமாக மனதில் வைத்திருந்திருக்கிறார்.

மதினிக்கு மார்பில் கட்டி. மதுரையில் கீமோ ஆரம்பித்ததுமே முடி கொட்டிவிட்டது, சோற்று வாசமே ஆகவில்லை. அடுத்த ஊசிக்கு வர மாட்டேன் என்று படுத்துவிட்டதாக அண்ணன் போனில் சொன்னார். மதினி பயந்துவிட்டார் போல, நாலு வார்த்தை தைரியம் சொல்லலாம் என்று பஸ் ஏறினேன். போனால் கதையே வேறு. நாத்தனார் நான் செய்கிற கரி மருந்து வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று மதினி நிம்மதியாகக் காத்திருக்கிறார். கொத்துக்கு மட்டும் அடிக்கிற கதையைச் சொல்லி ஆறுதல்படுத்தியது எங்கள் அண்ணன்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். பிறகு மதினி பக்கத்தில் உட்கார்ந்து, "மதினி, அது இன்னும் மனுசருக்கு வரல. இப்போதைக்கு எலி மருந்துதான்" என்றேன்.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. அவருக்குத் தெரிந்த எலி மருந்து கடையில் விற்கிற விஷம். "நோயாளிகிட்ட என்ன பேச்சுத்தா இது?" என்றார். கூண்டில் வளர்க்கும் எலிகளுக்குக் கட்டி வரவைத்து, இதைக் கொடுத்துப் பார்க்கிறோம் என்று விளக்கினேன். மதினி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத்தான் அழுகை வந்தது.

எலிகளுக்குக் கட்டி கரைந்ததா என்று கேட்டார். சிலதுக்கு, கொஞ்சம் என்றேன்.

"சீக்கிரம் வந்துரும்னு உங்கண்ணன் சொன்னாக. எனக்கு எப்ப வரும்?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "வருசக்கணக்கா ஆகும் மதினி. உங்க கட்டி அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது."

மதினி எழுந்து, தலையில் கட்டிக்கொள்ளத் துணி தேடினார்.

மறுநாள் அடுத்த ஊசிக்கு மூவரும் மதுரைக்குக் கிளம்பினோம். ஆண்டிபட்டி தாண்டியதும், ஜன்னலோரம் இருந்த மதினி என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, அந்த எலிகள நல்லாப் பாத்துக்க. பாவம், எனக்கு முன்னால அதுகளாவது பொழைக்கட்டும்."

கட்டி எவ்வளவு கரைந்தது என்று பார்க்க, கடைசியில் அந்த எலிகளை நாங்கள் கொன்றுதான் அறுக்க வேண்டும். அதை மட்டும் நான் சொல்லவில்லை. சரி மதினி என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.