சாலம்மாள் திருப்பி வைத்த கண்ணாடி

சாலம்மாளுக்கு நான் இருபத்தையாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் கிளீனராக ஏறியவன் நான். டிரைவரானேன், ஒரு பழைய கார் வாங்கினேன், இன்று நல்லம்பள்ளியில் ஆறு கார், சொந்த இடத்தில் ஷெட், மாடி வீடு என்று நிமிர்ந்து நிற்கிறேன். ராஜாமணி டிராவல்ஸ் எங்கே என்று கேட்டால் தொப்பூரில் இருக்கிறவன்கூட வழி சொல்வான். எனக்குப் பணம் தரவேண்டியவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர். நான் தரவேண்டியது ஒருத்திக்குத்தான். அவள் என் ஷெட்டில் கார் கழுவுகிறவள்.

கொரோனாவில் வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றுபோன காலம் அது. தீர்த்தமலைக்குப் போக ஆள் இல்லை, கல்யாணச் சவாரி இல்லை, பெங்களூர் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. பைனான்ஸ்காரன் மட்டும் தவறாமல் போன் செய்தான். அவனிடம் கடனில் வாங்கிய புது வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றான். கை நீட்டிக் கேட்டிருந்தால் எனக்குக் கொடுக்க ஊரில் ஆள் இருந்தது. ஆனால் கேட்டுப் பழக்கமில்லாத வாய். அப்போதுதான் சாலம்மாள் சீட்டு எடுத்த பணத்தைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள். எதற்கு என்று கேட்டேன்.

“வண்டி போயிட்டா நான் எதைக் கழுவறதுங்க?” என்றாள்.

வண்டி தப்பியது. சவாரிகள் திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பணத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். அவள் ஈரக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“காசு உங்ககிட்டயே இருக்கட்டுங்க மொதலாளி. எனக்கு ஓட்டறதுக்கு ஒரு காரு குடுங்க. அன்னிக்கு வாங்கிக்கறேன்.”

இது என்ன கணக்கு என்றேன்.

“காசை வாங்கிட்டா அப்புறம் எம்பேச்சை எதுக்குக் கேக்கப் போறீங்க?”

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வத்தல்மலையில் பிறந்தவள். கட்டிக்கொடுத்துக் கீழே இறக்கினார்கள். புருஷன் கட்டட வேலைக்கு என்று பெங்களூர் போனவன், போனவன்தான். இவள் செங்கல் சூளையில் தலைச்சுமை தூக்கி, ஒரே மகளை வளர்த்து, ஓசூரில் கட்டிக்கொடுத்தாள். சூளை டிரைவர் வராத நாட்களில் டிராக்டரை எடுத்து ஓட்டிப் பழகியிருக்கிறாள். பிறகு காசு கட்டி, கார் ஓட்டக் கற்று, லைசென்சும் வாங்கிவிட்டாள். என் ஷெட்டுக்கு வேலை கேட்டு வந்ததே டிரைவர் வேலைக்குத்தான். பக்கெட்டைக் கொடுத்தவன் நான்.

காரணம் இருந்தது. கல் சுமந்து சுமந்து அவள் கழுத்து எலும்பு தேய்ந்துபோயிருந்தது. யாராவது கூப்பிட்டால் தலை திரும்பாது, இடுப்போடுதான் திரும்புவாள். நானோ கழுத்தை நம்பி ஓட்டியவன். வண்டியை ஓரம் ஒதுக்குவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்க்க வேண்டும். எந்தக் காராக இருந்தாலும் பக்கத்தில் ஓர் இடம் கண்ணாடியிலும் விழாது, கண்ணிலும் விழாது. அதை மறைப்பு என்போம். பைக்காரன் சாவதெல்லாம் அந்த மறைப்பில்தான். நாற்பது வருஷம் ஒரு கேஸ்கூட இல்லாமல் ஓட்டினேன் என்றால் இந்தக் கழுத்துதான் காரணம். கழுத்தே திரும்பாதவளுக்கு எப்படிச் சாவி கொடுப்பது?

ஷெட்டில் அவளைக் கேலி செய்யாத ஆள் இல்லை. என் டிரைவர் மாதேஷ் ஒருநாள், “யக்கா, நீ திரும்பிப் பாத்து ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள டீசல் தீந்துரும்” என்றான். “உன் வாயில ஊத்தற டீசலைச் சொல்றியா?” என்று கேட்டுவிட்டு அவன் வண்டியையே கழுவிக்கொண்டிருந்தாள். ஆனால் ஐம்பதை நெருங்குகிறவள். பக்கெட்டைத் தூக்கி வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாளில் அந்த வேலையும் அவளால் ஆகாது. ஸ்டீயரிங் கிடைத்தால்தான் அவளுக்குச் சோறு.

அவள் பணத்தை வாங்க மறுத்த அந்த வருஷம், ஆயுத பூஜை முடிந்த மறுநாள் ஒரு தகராறு வந்தது. எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம். பூஜைக்கு பானெட், சக்கரம், ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்போம். பக்கக் கண்ணாடிகளுக்கும் நடுவில் பெரிய பொட்டு. அதைத் துடைக்கக் கூடாது, தானாகக் காய்ந்து உதிர வேண்டும், துடைத்தால் சவாரி நின்றுவிடும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நான் ஷெட்டுக்கு வந்து பார்த்தால் எல்லா வண்டியிலும் கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. பொட்டைக் காணோம். ஷெட்டே அதிரக் கத்தினேன்.

சாலம்மாள் கண்ணாடியின் முதுகுப் பக்கத்தைக் காட்டினாள். பிளாஸ்டிக் கூட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் புதிதாக இருந்தன.

“எதுத்தாப்புல வர்றவனை சாமி பாத்துக்கட்டுங்க. பின்னாடி வர்றவனை டிரைவர் பாக்கணுமில்ல? பொட்டு இருந்தா எப்படிப் பாக்கறது?”

எனக்குச் சுருக்கென்றது. ஆபீசுக்குள் போய்விட்டேன்.

அன்று மத்தியானம் ஷெட்டில் ஒரு கூத்து. சாலம்மாள் ஒரு காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவளோடு கழுவுகிற காசியம்மாள் சிவப்பு பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு காரின் பின்னாலிருந்து மெதுவாக நடந்து வருகிறாள்.

“காசி, நில்லு. காணோம் நீ.”

“இங்கதான்டி இருக்கேன், உசுரோட.”

“கண்ணாடில செத்துட்ட. மறுபடி பின்னாடி போ.”

“ஒரு நாளைக்கு என்னை எத்தினி தடவைடி கொல்லுவ?”

டிரைவர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் லாரியில் வளர்ந்தவன் கண் சும்மா இருக்காது. அவள் என்ன செய்கிறாள் என்று நின்று பார்த்தேன். இடுப்போடு வலது பக்கம் சாய்ந்து, தலையை ஜன்னலில் ஒட்டவைத்து, தன் காரின் பக்கவாட்டு ஒரு கோடு போல மட்டும் தெரியும்படி வலது கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்பினாள். பிறகு இரண்டு சீட்டுக்கும் நடுவில் சாய்ந்துகொண்டு இடது கண்ணாடியையும் அதே மாதிரி வைத்தாள். உள் கண்ணாடியில் தொங்கிய மணிமாலையைக் கழற்றி, பின் கண்ணாடி முழுக்க அதில் தெரியும்படி செய்தாள். நிமிர்ந்து உட்கார்ந்ததும் காசியம்மாளை மறுபடி நடக்கச் சொன்னாள். காசியம்மாள் உள் கண்ணாடியை விட்டு விலகும்போதே பக்கக் கண்ணாடிக்கு வந்தாள். பக்கக் கண்ணாடியை விட்டு விலகும்போது ஜன்னலோரம் நேராகவே கண்ணில் பட்டாள். நடுவில் அவள் சாகவே இல்லை.

நானும் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு ஒப்பவில்லை. கண்ணாடியில் என் காரே தெரியவில்லை. எங்கள் காலத்தில் பின் கதவு, கைப்பிடி எல்லாம் கண்ணாடியில் தெரிந்தால்தான் வண்டி எங்கே நிற்கிறது என்று நிம்மதி. இப்படி வைத்தால் எதை நம்பி ஓட்டுவது என்று கேட்டேன்.

“நம்ம காரு எங்கயும் ஓடிடாதுங்க மொதலாளி. அது நம்மகூடத்தான் வரும். அடுத்தவன் எங்க வர்றான்னுதான் தெரியணும்.”

சரி என்று சொல்ல வாய் வரவில்லை. சாவியும் கொடுக்கவில்லை.

பிறகு எனக்குக் கண்ணில் புரை விழுந்தது. சேலத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். நானே ஓட்டிக்கொண்டு வரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று பார்த்துப் பெரிய முகூர்த்தம், ஒரு காரைத் தவிர மற்ற வண்டிகள் எல்லாம் விடியும் முன்பே போய்விட்டன. எனக்கென்று நிறுத்தி வைத்திருந்த மாதேஷுக்குக் காய்ச்சல். வேறு டிரைவர் தேடிப் போன் போட்டுக் களைத்துப்போய் ஷெட் வாசலில் நின்றேன். சாலம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சாவியை நீட்டினேன். இன்று ஒரு நாள் மட்டும்தான் என்றேன்.

“அப்ப காசும் இன்னிக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

ஏறியதும் இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, கண்ணாடிகளைத் தன் அளவுக்குத் திருப்பிவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவள் காலையும் கையையும் பார்த்துக்கொண்டே வந்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

தொப்பூர் இறக்கத்தைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாரிகள் கியரில் முனகிக்கொண்டு இறங்கின, பிரேக் வாடை மூக்கில் ஏறியது. நாங்கள் வலது ஓரமாகப் போனோம். வளைவைத் தாண்டியதும் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு எங்கள் பாதையிலேயே நின்றிருந்தது. இடது பக்கம் மாறியாக வேண்டும். பின்னால் ஒரு பஸ், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் நெருக்கினான். நான் என் பாடப்படி கழுத்தைத் திருப்பி, தோளுக்குப் பின்னால் பார்த்தேன். புரை விழுந்த என் கண்ணுக்கு ரோடு காலியாகத் தெரிந்தது.

“காலி. எடு” என்றேன்.

அவள் எடுக்கவில்லை. பிரேக்கை அழுத்தினாள்.

“எடுன்னு சொல்றேன்ல?”

“ஆளு இருக்குதுங்க.”

எங்கே என்று நான் கேட்டு முடிக்கவில்லை. பின் கதவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பைக் என் முழங்கையை உரசுவது போல முன்னால் வந்தது. ஓட்டுகிறவன், பின்னால் அவன் பெண்சாதி, நடுவில் ஒரு குழந்தை, டேங்கின் மேல் சாமந்திப் பூ மூட்டை. அந்தப் பெண்ணின் முந்தானை என் ஜன்னலில் பட்டுப் போனது. அவர்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாலம்மாள் கண்ணாடியை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, நிதானமாக இடது பக்கம் மாறி, லாரியைத் தாண்டினாள்.

இறக்கம் முடிந்து தீவட்டிப்பட்டி வந்தது. அங்கே டீ குடிக்க நிறுத்தச் சொன்னேன். உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“கண்ணாடில பைக்கு சக்கரம் தெரிஞ்சுதுங்க. பழைய மாதிரி வெச்சிருந்தா நம்ம கதவைத்தான் பாத்துட்டு இருந்திருப்பேன்.”

கைகூப்பி நன்றி சொல்லும் பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இல்லை. அவளுக்கான டீ கிளாசை நானே வாங்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைப் புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பைக்காரன் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. பூவை இறக்கிவிட்டுக் குழந்தையோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பான். என் வண்டி பேரில் இன்றுவரை ஒரு கேஸ் இல்லை என்று நான் மார்தட்டிச் சொல்கிறேனே, அந்தப் பெருமையை அன்று என் கையில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தவள் சாலம்மாள். கும்பிடுகிற சாமிக்குச் சொல்கிற நன்றியில் ஒரு பங்கு அவளுக்கும் உண்டு.

ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு சாயங்காலம் ஊர் திரும்பினேன். ஏற்றத்திலும் அவள்தான் ஓட்டினாள். நான் பின் சீட்டில் படுத்துக்கொண்டு வந்தேன். வேறொருவர் என் வண்டியை ஓட்டும்போது நான் தூங்கியது அதுதான் முதல் தடவை.

ஷெட்டில் காசியம்மாள் காத்திருந்தாள். சாலம்மாள் சாவியைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. இந்த வண்டி இனி உன் பொறுப்பு, மாதேஷுக்கு என்ன சம்பளமோ அதேதான் உனக்கும் என்றேன்.

“பேட்டாவுங்களா?”

“பேட்டாவும்தான்.”

அவள் சாவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு அதை இடுப்பில் செருகினாள். நான் உள்ளே போய் பீரோவைத் திறந்து பணத்தை எடுத்து வந்தேன். வட்டி போட்டுத் தருகிறேன் என்றதற்கு, “வட்டிக்கு வுடறதுக்கு நான் என்ன பைனான்ஸா?” என்றாள். வலது கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் முன்னால் விரித்தாள். விரலெல்லாம் வருஷக்கணக்காகச் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது.

“ஒத்தைக் கண்ணால எண்ணுறீங்க, மெதுவா எண்ணுங்க” என்றாள்.

மெதுவாகவே எண்ணினேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் வைத்தேன், கடைசித் தாள் வரைக்கும்.