முள்ளு மாமாவின் சாய்வு ரேசர்

எங்கள் குளிர்பதனக் கிடங்கில் முள்ளு என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் வாசல் காவலாளியே முழிப்பார். கம்ப்ரசர் அறை ஆபரேட்டர். என் அக்கா புருஷன். நான் மாமா என்று கூப்பிடுகிற மனிதர். அவர் கன்னத்தில் முளைப்பது மயிரா கம்பியா என்று யாருக்கும் தெரியாது. காலையில் மழித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சொரசொரவென்று எழுந்து நிற்கும். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று விளம்பரத்தில் வந்த ரேசரையெல்லாம் வாங்கிப் பார்த்தார். பிடுங்கும், எரியும், மறுநாள் கழுத்து முழுக்கக் கொப்புளம் கிளம்பும். கடைசியில் வெறுத்துப்போய் மெஷினால் ஒட்ட வெட்டிக்கொண்டு எந்நேரமும் அரைத்தாடியோடு திரிந்தார். கல்யாணப் படத்திலும் அதே கோலம்தான். என் அக்கா அவருடைய தாடையைப் பார்த்ததே கிடையாது.

நான் அதே கிடங்கில் ஃபிட்டர். எனக்கு மீசையே கெஞ்சிக் கூத்தாடினால்தான் வரும், கன்னத்தைக் கேட்கவே வேண்டாம். அதை வைத்து மாமாவை நான் ஓட்டாத நாள் இல்லை. அக்காவுக்குப் பாத்திரம் தேய்க்க நார் வாங்க வேண்டிய செலவு மிச்சம் என்பேன். அவர் சிரித்துக்கொண்டே தலையில் ஒரு தட்டு தட்டுவார்.

இந்த விளையாட்டுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைக்கப் புதிய பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். எங்கள் கம்ப்ரசரில் ஓடுவது அமோனியா. கசிந்தால் கண்ணைத் திறக்க முடியாது, மூச்சு அடைக்கும், ஆளே போய்விடலாம். அதற்காக ஆளுக்கு ஒரு முகமூடி, பெயர் ஒட்டி அலமாரியில் தொங்கும். தாடி இருந்தால் ரப்பர் ஓரம் தோலோடு ஒட்டாது, இடுக்கு வழியாக வாயு நுழைந்துவிடும் என்றார் அதிகாரி. நியாயமான பேச்சுதான். முகமூடியை மாட்டவைத்து, தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூடாரத்தைக் கவிழ்த்து, உள்ளே வாழைப்பழ வாசனை அடிக்கும் மருந்தில் நனைத்த காகிதத்தைத் தொங்கவிடுவார். வாசனை மூக்கில் ஏறினால் முகமூடி ஒழுகுகிறது என்று அர்த்தம். தாடிக்காரர்களுக்குத்தான் இந்தச் சோதனை. எங்களையெல்லாம் கன்னத்தைப் பார்த்தே தேறியவர்கள் என்று அனுப்பிவிட்டார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

மாமா தோற்றார். மெஷினை இன்னும் ஒட்டப் பிடித்து வெட்டிக்கொண்டு மறுபடி போனார், மறுபடியும் தோற்றார். திங்கட்கிழமை கடைசி வாய்ப்பு, அதிலும் வாசனை வந்தால் கம்ப்ரசர் அறையை விட்டுச் சரக்கு ஏற்றுகிற பக்கம் போய்விட வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அது உறைபனிக் குளிரில் நாள் முழுக்கப் பெட்டி தூக்கும் வேலை. மாமாவுக்கு ஏற்கெனவே முட்டி மடங்காது. அதைவிட, அந்த இயந்திரங்களை விட்டுப் போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அன்று வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு கவளம் உள்ளே போகவில்லை. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படியாவது மாமாவுக்கு ஒரு வழி பண்ணுடா என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

சலூன்காரர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு கடைக்கு மாமாவைக் கூட்டிப்போனேன். மாடிப்படிக்குக் கீழே, இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய கடை. கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் மாமாவின் தாடையைப் பிடித்துத் திருப்பி, முடியை எதிர்த்திசையில் விரலால் தேய்த்துப் பார்த்தார். மாமா வெட்கத்தில் நெளிந்தார். பல பிளேடு ரேசர் முடியை இழுத்து இழுத்து வெட்டுவதால் நுனி தோலுக்கடியில் போய்விடுகிறது, அது திரும்பி முளைக்கும்போதுதான் கொப்புளம், ஒற்றைப் பிளேடுதான் உங்களுக்குச் சரி என்றார். ஆனால் சாதாரண ஒற்றைப் பிளேடு இந்த முடியில் முட்டிக்கொண்டு நிற்கும், சாய்வு ரேசர் எடுங்கள் என்று இரண்டை எடுத்து வைத்தார்.

ஒன்று கனமானது, பிளேடு நன்றாகத் துருத்திக்கொண்டிருந்தது. இன்னொன்று லேசானது, பிளேடு கொஞ்சம்தான் எட்டிப் பார்த்தது, கைப்பிடி மட்டும் நீளம். இந்தக் காட்டுக்குக் கனமானதுதான் லாயக்கு என்று நான் முந்திக்கொண்டேன்.

கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “முடிதான் முரடு, தோலு முரடு இல்ல. முதல்முதலா பிடிக்கிற கை சும்மா இருக்காது, அழுத்தும். கனமானதுல அழுத்தினா திங்கட்கிழமை ஆபீசுக்குப் போக மாட்டாரு, ஆஸ்பத்திரிக்குத்தான் போவாரு” என்றார்.

மாமா இரண்டையும் மாறிமாறிக் கையில் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஸ்பானர் அளவு சொல்லுகிற கை அது. லேசானதை எடுத்துக்கொண்டார். கூடவே பிளேடு, பிரஷ், சோப்பு.

வீட்டுக்கு வந்து பிளேடைப் போட்டு இறுக்கி, பக்கவாட்டில் வைத்துப் பார்த்தோம். இருவருக்கும் பகீரென்றது. பிளேடு கோணலாக இருந்தது. ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே, நடுவில் ஒரு முறுக்கு. கழற்றி மாட்டினோம், அப்படியேதான் இருந்தது. நான் எஃகு அளவுகோலை ரேசர் தலைமேல் வைத்தேன், அடியில் வெளிச்சம் தெரிந்தது. குழாய் இணைப்பில் இந்தக் கோணல் இருந்தால் அமோனியா பீய்ச்சி அடிக்கும். கோணலைக் கண்டால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது. ரேசர் தலையைக் காகிதத்தில் சுற்றி, சாமானை இறுக்கிப் பிடிக்கிற வைஸில் வைத்து, நிமிர்த்திவிடலாம் என்று நான் வைஸின் கைப்பிடியைத் திருகப் போன நேரத்தில், வாங்கின சாமானை நசுக்கிக் கொண்டுபோனால் மாற்றித் தர மாட்டார்கள் என்று மாமா தடுத்தார்.

கடைக்குப் போய் நான் ஒரு பிடி பிடித்தேன். வளைந்துபோன சரக்கை ஏமாந்தவன் தலையில் கட்டுகிறீர்களா என்று கேட்டது தெருவுக்கே கேட்டது. கடைக்காரம்மா சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்தார். கத்தியை நேராக வைத்து அழுத்தினார், தக்காளி நசுங்கியது. கத்தியைச் சாய்த்து லேசாக இழுத்தார், வழுக்கிக்கொண்டு இறங்கியது.

“கோணலா இருக்கிறதுக்குத்தான்யா காசு குடுத்திருக்கீங்க” என்றார்.

கடையில் நின்ற சலூன்காரர்கள் சிரித்த சிரிப்பில் என் மானம் கப்பலேறிவிட்டது. வைஸ் விஷயத்தை நாங்கள் அங்கே சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வெந்நீரில் துணியை நனைத்து முகத்தில் ஒத்தடம் கொடுத்தார். சோப்பை நுரைத்துத் தடவி, ரேசரை அழுத்தாமல், கன்னத்தில் சின்னதாக ஓர் இழுப்பு இழுத்தார். உடனே நிறுத்திவிட்டு ரேசரின் தலையைக் கழற்றி உள்ளே பிளேடு இருக்கிறதா என்று பார்த்தார். பிடுங்கல் இல்லை, எரிச்சல் இல்லை, அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. பிளேடு இருந்தது. கன்னத்தில் ரேசர் போன வழி மட்டும் வெறும் தோல். மாமா கண்ணாடியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முழுக்க முடித்து வெளியே வந்தபோது அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அவர்கள் குழந்தை அவள் பின்னால் ஒளிந்துகொண்டது. மோவாயில் ஒரு குழி, நல்ல ஆழமான குழி. எனக்கே வேறு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. “இத்தனை வருஷமா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?” என்று அக்கா கேட்டாள். மாமாவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் இன்னொரு முறை மழித்துக்கொண்டு வந்தார். அதிகாரி கன்னத்தைத் தடவிப் பார்த்து அசந்துபோனார். முகமூடி மாட்டியாயிற்று, கூடாரமும் கவிழ்த்தாயிற்று. நான் எதிரே நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். தலையைத் திருப்பச் சொன்னார், குனியச் சொன்னார், பேசச் சொன்னார். மாமா எல்லாம் செய்தார். பிறகு அசையாமல் நின்றார். முகமூடிக்குள் அவர் கண் மட்டும் என்னைப் பார்த்தது. வாசனை வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூக்கு அவருடையது, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்.

மாமா கையைத் தூக்கினார். “வருது சார். வாழைப்பழ வாசனை வருது.”

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பிழைக்கத் தெரியாத மனுஷா, ஒரே ஒரு பொய் சொன்னால் குறைந்தா போய்விடுவாய் என்று கத்தத் தோன்றியது. அக்காவிடம் நான் என்ன சொல்வேன்?

அதிகாரி மறுபடி அவர் கன்னத்தைத் தடவினார், மோவாயைத் தடவினார். ஒரு முள் இல்லை. பிறகு முகமூடியை வாங்கித் துடைத்துத் தானே மாட்டிக்கொண்டு கூடாரத்துக்குள் போனார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. முகமூடியின் முன்பக்கத்தைத் திருகித் திறந்தார். மூச்சை வெளியே விடுவதற்கான ஓட்டையை மூடுகிற வட்டமான ரப்பர், காய்ந்துபோய் ஓரம் சுருண்டு, எழும்பி நின்றது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் வெளிக்காற்று அது வழியாக நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. தாடியையே பார்த்துக்கொண்டிருந்ததில் இதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

அலமாரியில் இருக்கிற எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள் என்றார் அதிகாரி. முதலில் கைக்கு வந்தது என்னுடையது. என்னையே மாட்டச் சொன்னார். எனக்கென்ன, நான் தேறியவன் என்று மாட்டிக்கொண்டு கூடாரத்துக்குள் நின்றேன். முதல் மூச்சில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மூச்சில், உரித்த பழத்தை மூக்கில் தேய்த்ததுபோல் குப்பென்று ஏறியது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமோனியா தொட்டியின் அடியில் தேங்குகிற எண்ணெயை இறக்குவது ஃபிட்டர்கள் வேலை. வால்வுக்கு முன்னால் மண்டியிட்டு, முகத்துக்கு நேராகத் திறப்போம். கொஞ்சம் தவறினால் எண்ணெய்க்குப் பின்னாலேயே வாயு பாயும். இந்த முகமூடியை நம்பித்தான் எத்தனையோ முறை விசில் அடித்துக்கொண்டு திறந்திருக்கிறேன்.

மாமாதான் கூடாரத்தைத் தூக்கி என் முகமூடியைக் கழற்றினார். தன் வேலை என்ன ஆயிற்று என்று அவர் அதிகாரியிடம் கேட்கவே இல்லை.

“இன்னைக்கு மத்தியானம் எண்ணெய் இறக்கிறது உன் முறைதானடா, மச்சான்?” என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவருடைய தாடை நடுங்கியது. அதை மறைக்க ஒரு முடிகூட இல்லை.