அப்பா தலைக்கு அங்கிட்டு

போன வாரம் மகள் ஜெனி, கார் பார்க்க என்னையும் என் மனைவியையும் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போனாள். அவளுக்கு மூன்றாவது பிள்ளை வரப்போகிறது. இருக்கிற கார் போதாதாம். கடைக்காரத் தம்பி கேமரா, கூரைக் கண்ணாடி என்று மனப்பாடமாய் ஒப்பித்துக்கொண்டிருக்க, இவள் காதில் வாங்காமல் பின்சீட்டில் ஏறினாள்.

"அப்பா, முன்னாடி உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"இப்பவும் அப்பா தலைதான் தெரியுது. முடிதான் இல்ல."

கடைக்காரத் தம்பிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புதுக் காரின் பிளாஸ்டிக் வாடைக்குள் எங்கிருந்தோ பூண்டு மணத்தது.

பூண்டு என் பழைய ஜீப்பினுடையது. மேல்மலைக் கிராமமான கிளாவரையிலிருந்து கொடைக்கானலுக்குப் பூண்டும் கேரட்டும் ஏற்றிவந்த ஜீப். ஞாயிற்றுக்கிழமை மூட்டையை இறக்கிவிட்டுக் குடும்பத்தை ஏற்றுவேன். மூட்டைகள் இவர்களைவிட அமைதியானவை. பக்கவாட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து மலையிறங்கினால் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை, சின்னப்பிள்ளையாயிருந்த ஜெனி வாந்தியெடுத்தே கண் செருகிப்போனாள். அன்றோடு என் மனைவி ஸ்டெல்லா, கன்னிவாடியிலிருந்த தாய்வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பிறகு மகன் பிறந்தான். மூட்டுவலிக்கார மாமியாரால் மலையேற முடியாது. பேரனுக்குப் பல் முளைத்தும் அவர் முகம் பார்க்கவில்லை.

சரி, கார் வாங்கிவிடுவோம் என்று கிளம்பினேன். என் கண் போனது தரையைத் தடவும் ஒரு நீளமான வெள்ளைக் காரின் மேல். மலைக்காரன் வண்டியை ஏற்றத்தில்தான் சோதிப்பான். புரோக்கர் அண்ணன் பக்கத்தில் உட்கார, அடிவாரத்து வத்தலக்குண்டிலிருந்து நானே ஓட்டிவந்தேன். சிங்கம் மாதிரி ஏறியது. வாசலில் நிறுத்தி, சினிமாக் கதாநாயகன் போல இறங்கி, தலையைக் கதவில் இடித்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா ஜெனியைப் பின்சீட்டில் உட்காரவைத்து, என்னை மறுபடி முன்னால் ஏற்றினாள்.

"என்னடி தெரியுது?"

"அப்பா தலை."

"ஏத்தத்துல இழுத்தா போதுமா? எறக்கத்துலதானங்க பிள்ளைக்குக் கொடலப் பொரட்டுது. எங்க உக்காந்தாலும் முன்னாடி ரோடு தெரியணும்."

புரோக்கர் பரிதாபமாகப் பார்த்தார். "சார் தலைக்கு நான் என்ன தங்கச்சி செய்ய முடியும்?"

"அதக் கழட்ட முடியாதுல்ல அண்ணே? அப்ப வண்டிய மாத்துங்க."

மாற்றிக் கொண்டுவந்தது மூக்கே இல்லாத பெட்டி வேன். பின்சீட்டு உயரம், முன்கண்ணாடி அகலம்.

"இதுல போனா பிரெட் விக்க வந்தவன்னு நெனப்பாங்க," என்றேன்.

பின்னாலிருந்து ஜெனி கத்தினாள்: "அப்பா தலைக்கு அங்கிட்டு ரோடு தெரியுது!"

அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது.

அடுத்த ஞாயிறே இறங்கினோம். ஜெனி எலுமிச்சம்பழத்தை முகர்ந்ததோடு சரி. ஆனாலும் வழக்கமாக வாந்திக்கு நிறுத்தும் வளைவு வந்ததும் என் கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. எல்லோரும் இறங்கிக் காற்று வாங்கினோம். கீழே சமவெளியில் கண்மாய்கள் மின்னின. "அந்தா, எங்கம்மா வீடு," என்று ஸ்டெல்லா கைகாட்டினாள். கன்னிவாடியில் மாமியார் பேரனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய வேனை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அந்த வளைவில் நின்றோம். ஒவ்வொரு முறையும் ஸ்டெல்லா அம்மா வீடென்று வேறுவேறு இடத்தைக் காட்டினாள்.

வேன் எப்போதோ போயிற்று. மாமியாரும் போய்விட்டார், வீட்டை விற்றாயிற்று. போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து திரும்பும்போது ஜெனி ஓட்டினாள். ஓட்டுகிறவளுக்கு ஏது வாந்தி? அந்த வளைவு நெருங்கியது.

"ஜெனி, கொஞ்சம் நிப்பாட்டேன்."

"எதுக்குப்பா? யாருக்கும் ஒண்ணும் செய்யலையே."

கார் வழுக்கிக்கொண்டு மேலேறிவிட்டது. முன்சீட்டில் ஸ்டெல்லா மட்டும் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி, எப்போதும் போலத் தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.