சந்தனப் பொட்டும் மூன்று வருட வாரண்டியும்

நியாயம் என் பக்கம்தான் இருந்தது. மாவட்ட நுகர்வோர் மன்றமே அப்படித்தான் சொன்னது. அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால்தான் எனக்கு வாய் அடைத்துப்போகும்.

ஹைதராபாத்தில் பாதிப் பேர் கணினியைத் தொட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த காலம் அது. என் கணவருக்குக் கச்சிபௌலியில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் ஹப்சிகுடாவுக்குத் திரும்புவார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் நான் முப்பரிமாணப் படம் செய்யக் கற்றுக்கொண்டேன். இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டைக் கணினித் திரையில் கட்டி, வாங்க வருபவரை அதற்குள் நடக்கவைத்துக் காட்டும் வேலை. சமையலறை ஜன்னலில் காலை வெயில் எப்படி விழும் என்பதைக்கூடக் காட்டலாம். எனக்கு அது பைத்தியம் மாதிரி பிடித்துக்கொண்டது.

எங்கள் தெருவிலேயே அலுவலகம் வைத்திருந்த கட்டுமானக்காரர் ஒருவர் முதலில் சின்ன வீடு ஒன்றைக் கொடுத்து என்னைச் சோதித்துப் பார்த்தார். செய்து கொடுத்தது அவருக்குப் பிடித்திருந்தது. அடுத்துக் கச்சிபௌலியில் அவர் எழுப்பப்போகும் அடுக்குமாடி முழுவதையும் என்னிடமே தந்தார். இது நன்றாக அமைந்தால் இனித் தன் கட்டடங்கள் எல்லாம் எனக்குத்தான் என்றார். எனக்கென்று ஒரு தொழில் வந்துவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அவ்வளவு பெரிய வேலைக்கு எங்கள் வீட்டுக் கணினி தாங்காது. உயர்ந்த ரக கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். என் கணவரின் அந்த வருட போனஸ் அதற்கே போனது. செகந்திராபாத்தில் கணினிக் கடைகள் அடுக்கடுக்காக இருக்கும் கட்டடம் ஒன்றில் வாங்கினோம். மூன்று வருட வாரண்டி, நிம்மதியாகப் போய் வாருங்கள் என்று கடைக்காரர் ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

என் கணவர் கோயம்புத்தூர்க்காரர். மாமனார் லேத் பட்டறை வைத்திருந்தவர். அந்த வீட்டில் ஆயுத பூஜை தீபாவளியைவிடப் பெரிது. ஸ்பானர், சுத்தியல், துரப்பணம் என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்து வளர்ந்த மனிதர், ஹைதராபாத் வந்த பிறகு ஸ்கூட்டருக்கும் கேஸ் அடுப்புக்கும் பொட்டு வைத்து மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். அந்த வருடம்தான் வீட்டுக்குள் நிஜமாகவே ஓர் ஆயுதம் வந்திருந்தது. அதுவும் மனைவியுடையது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் கார்டையே வெளியில் எடுத்துவிட்டார்.

"பொட்டி மேல வெச்சாப் போதாதுங்களா?" என்றேன்.

"பொட்டி என்ன வேல செய்யுது கண்ணு? ஓடறது இதுதானே. இதுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கறது?"

கார்டின் ஓரத்தில் இரும்புத் தகடு ஒன்று இருக்கும். கணினியோடு அதைத் திருகி மாட்டுவதற்கான தகடு. மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே பார்த்து மோதிர விரலால் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். அதுவும் ஃபேனுக்கு அடியில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் திரும்ப மாட்டினார். பிறந்த குழந்தையைக்கூட அவ்வளவு பதமாக யாரும் தூக்க மாட்டார்கள்.

பொங்கல் கழிந்து சில நாட்களில் திரையில் பச்சைக் கோடுகள் ஓடின. பிறகு கறுப்பு. அடுக்குமாடியில் பாதி பால்கனிகளை முடித்திருந்தேன்.

கடைக்குப் போனோம். விற்றதோடு சரி, சர்வீஸ் சென்டருக்குப் போங்கள் என்றார்கள். போனோம். அங்கே கவுன்டரில் இருந்தவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய்ந்து வெளிறிப்போன அந்தப் பொட்டில் அவர் கண் நின்றது. கணினியில் மாட்டிப் பார்க்கக்கூட இல்லை.

"லிக்விட் டேமேஜ் மேடம். வாரண்டி ராது," என்றார் தெலுங்கில்.

வாரண்டி வராதாம். அவருடைய மேஜைக் கணினியைப் பார்த்தேன். திரைக்கு மேல் மஞ்சள், நடுவில் குங்குமம், பிரின்டருக்கும் அப்படியே. தசராவுக்கு வைத்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அப்படியானால் இது என்ன என்று விரலை நீட்டிக் கேட்டேன்.

"அதி மாதி மேடம்," என்றார். அது எங்களுடையது என்று அர்த்தம். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே அதைத்தான் காரணமாக நினைத்துச் சொன்னார்.

வாசலுக்கு வந்ததும் என் கணவர், "நாந்தான் கெடுத்துப்போட்டேன்," என்றார். இரும்புத் தகட்டில் வைத்த பொட்டு எப்படிங்க சிப்பைக் கெடுக்கும் என்று நான் சண்டைக்கே போனேன். தலையை ஆட்டிக்கொண்டார், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் படித்தவருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன?

அதற்குப் பிறகு எனக்கு வெறி பிடித்துவிட்டது. மறுத்ததை எழுத்தில் வாங்கினேன். கார்டைத் தயாரித்த கம்பெனிக்கு எழுதினேன், பதில் இல்லை. வக்கீல் இல்லாமலே புகார் கொடுக்கலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, கடையையும் கம்பெனியையும் சேர்த்து நுகர்வோர் மன்றத்தில் நிறுத்தினேன். கட்டுமானக்காரர் கொஞ்ச நாள் பொறுத்தார். வேறு கார்டு வாங்க எங்களிடம் வழியில்லை. எப்படியும் அடுத்த வாரம் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு வாரமும் நம்பினேன், அவரையும் நம்பவைத்தேன். கடைசியில் மனுஷர் வருத்தத்தோடுதான் வேறோர் இடத்தில் கொடுத்தார். அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. வீடு விற்கிறவர் என் வழக்கு முடியும்வரை காத்திருக்க முடியுமா?

வாய்தாவுக்கு மேல் வாய்தா. நடுவில் அடுத்த ஆயுத பூஜை வந்தது. ஸ்கூட்டர், அடுப்பு, மிக்ஸி, அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர், என் கணினி மேஜைக்கு முன்னால் ஒரு கணம் நின்றுவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு திரும்பிப் போய்விட்டார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. வழக்குப் போட்டதில் எனக்கிருந்த வீறாப்பெல்லாம் அந்த நிமிடத்தில் வடிந்துபோனது.

விசாரணையின்போது கம்பெனி வக்கீல் சந்தனம் ஒரு திரவம் என்று நீட்டி முழக்கினார். மன்றத்தின் பெண் உறுப்பினர் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். பொட்டு இங்கே இருக்கிறது, பழுது எங்கே இருக்கிறது, சோதித்தீர்களா என்று கேட்டார். சோதிக்கவில்லை. பொட்டினால்தான் பழுதானது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு, பொட்டினால் பழுதாகவில்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பில்லை என்றார். கார்டை மாற்றித் தர வேண்டும் என்று உத்தரவானது. நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். கேட்டீங்களா என்பதுபோல. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாற்றுக் கார்டும் வந்தது. பழைய மாடலை நிறுத்திவிட்டார்களாம், அதற்குச் சமமான புதியது என்று அனுப்பியிருந்தார்கள். பழையதைவிட உயர்ந்ததுதான். ஆனால் எங்கள் கணினியில் அது நுழையும் இடமே இல்லை. பொருத்துகிற அமைப்பே மாறிவிட்டிருந்தது. அதை ஓட்ட வேண்டுமானால் மற்ற எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். மறுபடியும் மன்றத்துக்குப் போயிருக்கலாம். என்னிடம் தெம்பு இல்லை. அதற்குள் நான் ஓர் அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கும் வேலையில் சேர்ந்துவிட்டேன்.

அந்த அலுவலகமும் கச்சிபௌலியில்தான். வழியில் அந்த அடுக்குமாடி மெல்ல மெல்ல எழும்பியது. வேறு யாரோ செய்த படத்தைப் பார்த்து வாங்கியவர்கள் குடி வந்து, பால்கனிகளில் துணி காயப்போட்டார்கள். அந்த பால்கனிகளில் முதன்முதலில் வெயில் விழவைத்தவள் நான். பக்கத்து சீட்டில் இருப்பவளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று பலமுறை தோன்றியிருக்கிறது. சொன்னதில்லை. சொன்னால் அழுதுவிடுவேன்.

கார்டு வந்த வருடத்து ஆயுத பூஜையன்றும் அவர் வழக்கம்போல வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். என் மேஜை வந்ததும் வழக்கம்போலத் திரும்பினார். நான் அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். பிரிக்காமலே கிடந்த பெட்டியைப் பிரித்துக் கார்டை வெளியில் எடுத்தேன். அதே மாதிரி இரும்புத் தகடு. அதே இடத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன்.

"வாரண்டி போயிரும் கண்ணு," என்றார். சிரிக்கவைக்கத்தான் சொன்னார்.

"போனாப் போகுதுங்க," என்றேன். கார்டைக் காயவைக்க ஃபேனைப் போட்டார்.