கயிற்று வட்டத்துக்குள்

மெல்பேர்னில் கிளென் வேவர்லிக்கு வீடு மாறிய சனிக்கிழமை, எங்கள் பெரிய பிரீசர் வாசற்படியில் சிக்கிக்கொண்டது. மகளின் பள்ளிக்கூடத்துக்காக மல்கிரேவை விட்டு வந்திருந்தோம். சாமான் இறக்க வந்த இருவரில் ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர் வாசலையே அடைத்து நிற்கும் உருவமுள்ள ஜப்பானியர். என் கணவர் பிரீசரைச் சுற்றிச் சுற்றி வந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். பொறுமையிழந்து நானே மறுபக்கத்தைப் பிடித்தேன். காலை அகட்டி, முழங்காலை மடித்து, ஒரே மூச்சில் தூக்கினோம்.

பிரீசரைக் குசினியில் வைத்ததும் அந்த ஜப்பானியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில், "உங்களுக்கு மிக நல்ல இடுப்பு" என்றார்.

"என்னப்பா சொல்லுறான் இவன்?" கணவரின் குரல் குசினி முழுக்கக் கேட்டது.

தமிழ் தெரியாவிட்டாலும் அந்தத் தொனி அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவக்க, அவசரமாகத் தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். உச்சியில் குடுமி, இடையில் தடித்த கச்சை, மண் வட்டத்தின் நடுவே குந்தியிருக்கும் இளைஞன். அவரேதான். ஜப்பானில் தொழில்முறை சுமோ வீரராக இருந்தவர். இடுப்பைத் தாழ்த்தி வைத்திருப்பவரை யாராலும் அசைக்க முடியாது, உங்கள் மனைவிக்கு அது யாரும் பழக்காமலே வந்திருக்கிறது, வியாழன் மாலையில் நான் சுமோ வகுப்பு நடத்துகிறேன், வந்து பாருங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

படத்தை அதிக நேரம் பார்த்தது என் கணவர்தான். "போய்த்தான் பாருமன்" என்றார்.

எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் யாராவது ஓர் அன்ரி என் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். உடம்பைக் குறை என்று சொல்லாத முதல் ஆளை அன்றுதான் கண்டேன். போனேன்.

வகுப்பு ஒரு சமூக மண்டபத்தில் நடந்தது. ரப்பர் விரிப்பின் மேல் தடித்த கயிற்றை வட்டமாகப் போட்டிருந்தார். அதைத் தாண்டிக் கால் பட்டால் தோல்வி. ஒரு சமையற்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, இரண்டு பல்கலைக்கழக மாணவிகள், நான். முதல் சில வாரங்கள் யாரையும் தொடவே விடவில்லை. ஒரு காலைப் பக்கவாட்டில் உயர்த்தி, நிலம் அதிர வைக்க வேண்டும். பிறகு மற்றக் காலை. பக்கத்து அறையில் யோகா செய்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தால் எழும்ப முடியாது. ஆனாலும் வியாழக்கிழமை எப்போது வருமென்று காத்திருந்தேன்.

இடைவேளையில் அவர் சுடச்சுட பார்லித் தேநீர் ஊற்றித் தருவார். அப்போதுதான் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். பதினைந்து வயதில் தகப்பன் ரயிலில் கூட்டிப்போய் ஒரு பயிற்சிக்கூடத்தில் விட்டிருக்கிறார். மூத்த வீரர்களின் முதுகு தேய்த்து, சோறு சமைத்து, எல்லோரும் உண்டபின் உண்பது.

"அழவில்லையா?" என்று கேட்டேன்.

"அழுதேன். கழிப்பறையில். அங்கேதான் தனியாக இருக்கலாம்."

பல வருடம் கழித்து, சம்பளம் தரும் தரத்துக்கு உயர்ந்தார். பட்டுக் கச்சை கிடைத்தது. முதுகு தேய்க்க இளையவன் ஒருவனும் கிடைத்தான். ஒரு வருடம் முடியுமுன் முழங்கால் போய்விட்டது. தரம் சரிந்து மறுபடி அடுப்படிக்கே வந்தார்.

"கவலையாக இருந்திருக்குமே" என்றேன்.

"கொஞ்ச நாள் கவலை. பிறகு பசி. அப்போதுதான் ஒழுங்காகச் சமைக்கப் பழகினேன்."

ஓய்வுபெறும்போது குடுமியை ஆளுக்குக் கொஞ்சமாக வெட்டுவார்களாம். அந்தச் சடங்கு நடக்கும் மண் வட்டத்தில் பெண்கள் கால் வைக்கக்கூடாது. அதனால் தன் சடங்கை ஓர் உணவகத்தில் வைத்தார், அம்மாவும் கத்தரிக்கோல் பிடிக்கட்டும் என்று. அம்மா வெட்டிய வேகத்தில் காது போய்விடும் என்றே நினைத்தாராம். ஜப்பானில் சந்தித்து மணந்த ஆஸ்திரேலியப் பெண்ணோடு மெல்பேர்ன் வந்தார். பகலில் சாமான் ஏற்றி, மாலையில் வகுப்புத் தொடங்கினார். பெண்களும் சேரலாமா என்று அந்த மாணவிகள் கேட்டபோது தயங்கி, அம்மாவுக்குப் போன் எடுத்திருக்கிறார்.

"அந்தக் கயிற்றை யார் வாங்கியது?" என்று அம்மா கேட்டாராம்.

"நான்தான்."

"அப்படியென்றால் அது உன் வட்டம். என்னை ஏன் கேட்கிறாய்?"

அடுத்த வருடம் சிட்னியில் ஒரு போட்டிக்கு எங்களைக் கூட்டிப்போனார். கணவரும் மகளும் வந்தார்கள். மகள் கடைசி வரிசையில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து, "என்ர ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

முதல் ஆட்டம் தொடங்கியதே எனக்குத் தெரியாது. வட்டத்துக்கு வெளியே கிடந்தேன். பயிற்றுநர் குனிந்து, "நல்லது. பயம் முடிந்துவிட்டது" என்றார்.

அடுத்து வந்தவள் ரக்பி விளையாடுகிற இளம்பெண், என்னைவிட ஒரு தலை உயரம். பாய்ந்து வந்து மோதினாள். என் பாதங்கள் வழுக்கிக்கொண்டே பின்னால் போய், குதிக்கால் கயிற்றில் முட்டியது. அவள் கச்சையை இரண்டு கையாலும் பிடித்து இன்னும் தாழ்ந்தேன். அவளுக்குத் தள்ள எதுவும் அகப்படவில்லை.

"விடாதையும்!" என்று கணவர் கத்தினார்.

"அம்மா, தள்ளுங்கோ! தள்ளுங்கோம்மா!" அது மகள். கதிரையின் மேல் ஏறி நின்றாள்.

ஒவ்வோர் அடியாக முன்னால் போனேன். அவள் கால் கயிற்றைத் தாண்டியது. நான் கத்திய கத்தலில் நடுவர் ஓரடி பின்வாங்கினார்.

பயிற்றுநர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "வென்றவர் சிரிக்கக்கூடாது. வணங்கிவிட்டு வாருங்கள்" என்றார். வணங்கிவிட்டு வந்து பார்த்தால், சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார், தோள் இரண்டும் குலுங்குகின்றன.

மூன்றாவது ஆட்டத்தில் நன்றாகவே தோற்றேன். பரிசு ஒன்றும் இல்லை.

போட்டி முடிந்ததும், சிட்னியிலேயே லிட்கமில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு எல்லோரையும் கூட்டிப்போனேன். பின்வளவில் பெரிய பானை நிறைய, பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தார். மீன், நண்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை. எங்கள் பயிற்றுநர் பானைக்குள் எட்டிப் பார்த்து, பயிற்சிக்கூடத்திலும் இப்படித்தான், எல்லாவற்றையும் ஒரே பானையில் போடுவோம் என்று மகிழ்ந்துபோனார். உறைப்பில் கண்ணீர் வழிய வழியக் குடித்தார்.

"தம்பி, காணுமோ? இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்றார் அக்கா.

ஒரு சொல்லும் விளங்காமல் பயிற்றுநர் கிண்ணத்தை நீட்டினார்.

சாப்பிட்டபின் அக்காவின் கணவரான அத்தானுக்கு ஆசை வந்துவிட்டது. "இவரை ஒருக்காத் தள்ளிப் பாக்கட்டோ?" பயிற்றுநர் சிரித்தபடி புல்வெளியில் காலை அகட்டி நின்றார். அத்தான் தள்ளினார், அசையவில்லை. கணவர் சேர்ந்தார். பிறகு நான், மகள், அக்கா, பஸ் சாரதி எல்லோரும் ஒருவர் முதுகில் ஒருவர் முட்டுக்கொடுத்துத் தள்ளினோம். யாரோ சிரிக்கத் தொடங்க, பிடி தளர்ந்து, ஒருவர் மேல் ஒருவராகப் புல்லில் விழுந்தோம். அவர் மட்டும் நின்றுகொண்டு, எங்களை ஒவ்வொருவராகக் கை கொடுத்து எழுப்பினார்.