நான் வரையாத முகப்பு

மெல்போர்ன் நகரத்தின் மேற்கு ஓரத்தில், சில வருடங்களுக்கு முன்புவரை ஆடுகள் மேய்ந்த நிலத்தில், ஒரே தெருவில் எட்டு வீடுகள் ஆளில்லாமல் நிற்கின்றன. அவற்றுக்கு டிஸ்ப்ளே ஹோம் என்று பெயர். வீடு கட்ட நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வந்து சுற்றிப் பார்ப்பார்கள். கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பார்கள், ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. அங்கேதான் எனக்கு வேலை. வருகிறவர்கள் தங்கள் வீட்டுக்கு முகப்பு தேர்ந்தெடுக்க நான் உதவ வேண்டும். இங்கே அதை ஃபசாட் என்கிறார்கள். நம் ஊரில் எலிவேஷன். வீட்டின் உள்ளே வரைபடம் ஒன்றேதான், வெளியே மட்டும் எட்டு முகங்கள் என்பது எனக்கு நெடுநாள் விசித்திரமாக இருந்தது. வெள்ளைப் பலகைச் சுவரும் சாம்பல் கூரையும் வைத்தால் அது ஹாம்ப்டன்ஸ். செங்கல் சுவரில் ஒரே அளவு ஜன்னல்களை வரிசையாக வைத்தால் ஜார்ஜியன். வளைவுகளும் மண்நிறப் பூச்சும் என்றால் மெடிட்டரேனியன். சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்பதற்கு முன்பே இவர்கள் முகத்தைக் கேட்டுவிடுகிறார்கள்.

சேர்ந்த புதிதில் ஒரு தம்பதி, வெள்ளை முகப்புக்கு அடர்சிவப்புக் கதவு வேண்டும் என்றார்கள். என் மேலாளர் க்ளேர் படத்தைப் பார்த்துவிட்டு, "பிரேவ்" என்றார். தைரியசாலி என்று பாராட்டுகிறார் போலும் என்று நினைத்து நான் அதை அப்படியே அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. மறுவாரம் கதவைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிக்கொண்டார். இந்த ஊரில் பிரேவ் என்றால் கண்றாவி என்பதன் மரியாதையான வடிவம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு நானும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டேன். எது மட்டானது, எது மிகையானது, எந்த இரண்டு பொருள்கள் சேரக் கூடாது என்பதெல்லாம் மூன்றே வருடத்தில் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பெடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

நான் பிறந்த வீட்டுக்கு முகப்பு என்று ஒன்று இருந்ததில்லை. கடப்பாக்கத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், சாலையைப் பார்த்தபடி ஒரு நீளச் சுவர், அதில் ஒரு கதவு. அவ்வளவுதான். உப்புக் காற்றில் சுண்ணாம்பு ஒரு மழைக்கு மேல் தாங்காது. தேர்தல் நெருங்கினால் ஏதாவது ஒரு கட்சிக்காரர்கள் வந்து, கேட்காமலேயே வெள்ளையடித்து, சின்னம் வரைந்துவிட்டுப் போவார்கள். அம்மா சத்தம் போடுவாள். "ஓசியில வெள்ளை அடிச்சிட்டுப் போறான், வுடேன்" என்பார் அத்தா. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் செங்கல்பட்டிலிருந்து என் வகுப்புத் தோழி ஒருத்தியின் குடும்பம் ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க வந்தது. வீட்டைக் காட்டச் சொன்னாள். சுவரில் அப்போது கை கூப்பிச் சிரிக்கும் ஒரு வேட்பாளரின் முகம் பெரிதாக வரையப்பட்டிருந்தது. பக்கத்துத் தெருவில் மாடி வைத்த ஒரு வீட்டைக் காட்டி, "அதுதான், ஆனா பூட்டியிருக்கு" என்றேன். இதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம் எனக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

அத்தா இறந்து சில வருடங்களுக்குப் பிறகு, என் அண்ணன் ஹமீது அந்தப் பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட ஆரம்பித்தார். வலை, கயிறு, தார்ப்பாய் விற்கும் கடை அவருடையது. பள்ளிப் படிப்போடு நின்றவர். என்னைச் செங்கல்பட்டுக்கு ரயிலேற்றிக் கல்லூரிக்கு அனுப்பியவரும் அவர்தான். தளம் போட்ட அன்று எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "ஷாகிரா, நீ அங்க வூட்டுக்கு எலிவேஷன் பாக்குற வேலையிலதான கீற. நம்ம வூட்டுக்கு நாலு டிசைன் அனுப்பும்மா. இங்க இன்ஜினியர் காட்டுறதுலாம் ஒரே மாதிரி கீது."

"இந்த வாரம் அனுப்புறேன் அண்ணே" என்று பதில் போட்டேன். அனுப்பவில்லை. அடுத்த வாரமும் கேட்டார். வேலை அதிகம் என்றேன். வேலை இருந்தது உண்மைதான். ஆனால் உணவு இடைவேளையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் முடிந்திருக்கும். அந்த வீட்டுக்கு நான் என்ன வரைந்தாலும் கடைசியில் அவர்கள் விருப்பப்படி எதையாவது ஒட்டி, பளபளவென்று ஆக்கிவிடுவார்கள், எதற்கு வீண் வேலை என்று உள்ளே ஒரு எண்ணம். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. மேஸ்திரி நன்றாக வேலை செய்கிறார், மழைக்கு முன் முடிந்துவிடும் என்று மட்டும் சொன்னார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு புகைப்படம் வந்தது. கீழ்த்தளம் முழுக்க மரம் போலத் தெரியும் பழுப்பு நிற டைல்ஸ். மேலே உருண்டையான நான்கு வெள்ளைத் தூண்கள், தலைப்பகுதியில் தங்க நிறப் பூச்சு. பால்கனிக்கு நீலக் கண்ணாடியும் ஸ்டீல் கம்பியும். எல்லாவற்றுக்கும் மேலே, மொட்டை மாடியில், பின்னால் கூரை எதுவும் இல்லாத ஒரு முக்கோணம் தனியாக நின்றது. இங்கே நான் விற்கும் எட்டு முகங்களையும் ஒரே சுவரில் அடித்து வைத்தது போலிருந்தது. "சூப்பர் அண்ணே, மாஷா அல்லாஹ்" என்று எழுதி, இரண்டு இதயங்களும் சேர்த்து அனுப்பினேன்.

அந்தத் திங்கட்கிழமை புதியவர்கள் ஆறு பேருக்கு வகுப்பு இருந்தது. எதையெல்லாம் கலக்கக் கூடாது என்பதுதான் பாடம். அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. படம் வந்ததுமே சிரிப்பு கிளம்பியது. பின்னால் நின்றிருந்த க்ளேர், "இது நிஜ வீடா, கம்ப்யூட்டரில் செய்ததா?" என்று கேட்டார். மீண்டும் சிரிப்பு. நான் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினேன். தூணுக்குத் தாங்க ஏதுமில்லை, முக்கோணத்துக்கு அர்த்தமில்லை, டைல்ஸ் குளியலறைக்கு உரியது. ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள். கூடவே நானும் சிரித்தேன். ஒரு பெண் கேட்டாள், "யாருடைய வீடு?" "தெரியாது. இந்தியாவில் எங்கோ. இணையத்தில் கிடைத்தது" என்றேன். வகுப்பு மிக நன்றாக இருந்ததென்று க்ளேர் பாராட்டினார். அந்தப் படம் பாடத்தில் நிலையாக இடம்பிடித்துக்கொண்டது.

ஜனவரியில் புது வீடு குடிபோகும் விசேஷத்துக்காக ஊருக்குப் போனேன். அண்ணனுக்குச் செங்கல்பட்டில் இன்ஜினியரைப் பார்க்கும் வேலை இருந்ததால், விமான நிலையத்திலிருந்து மின்சார ரயிலில் அங்கே வந்துவிடச் சொல்லியிருந்தார். ஸ்டேஷன் வாசலில் கடை வேனோடு நின்றிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. வழியெல்லாம் வீட்டைப் பற்றித்தான் பேச்சு. அச்சரப்பாக்கம் தாண்டி வண்டி கடற்கரைப் பக்கம் திரும்பியதும், "போட்டோல பாக்குறது வேற, நேர்ல வேற. நீ பாத்து சொல்லு" என்றார். நான் ஜன்னல் வழியே உப்பளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டின் முன்னால் வேனை நிறுத்தி, என்னை உள்ளே போகவிடாமல் சாலையிலேயே நிறுத்தி வைத்துக் காட்டினார். "இந்தப் பக்கம் பெயிண்டு ஒரு வருசம் நிக்காது, உப்புக் காத்து தின்னுடும். அதான் டைல்ஸ். ஒரு பக்கெட் தண்ணி வுட்டா போதும், சுத்தமாயிடும். இரும்புக் கம்பி போட்டா துருப்புடிச்சி கொட்டிடும், அதான் ஸ்டீலு." முக்கோணத்தைப் பார்த்தேன். நான் கேட்காமலே அவர் சொன்னார், "பின்னால தண்ணி டேங்கு கீது. கறுப்பா நின்னுகினு இருந்தா நல்லாவா இருக்கும்? மறைச்சிட்டேன்."

"தூணு?" என்று கேட்டேன்.

அவருக்கு லேசாகக் கூச்சம் வந்தது. செல்போனை எடுத்துத் தேடி, ஒரு படத்தைப் பெரிதாக்கி நீட்டினார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் அனுப்பிய படம். சீருடையில் நிற்கிறேன். என் தோளுக்குப் பின்னால் ஒரு டிஸ்ப்ளே ஹோம், அதன் வராந்தாவில் நான்கு வெள்ளைத் தூண்கள். "நீ அனுப்புவன்னு பாத்தேன். உனக்கு நேரமில்ல, வேலை இருக்கும்ல. அதான் இத்த எடுத்துக்கினு போயி இன்ஜினியராண்ட காட்டினேன். உன் தலை மறைக்குதுன்னாரு. மீதிய அவரா போட்டாரு" என்றார். பிறகு, "நீ வந்தா உனக்கும் பழகின வூடு மாதிரி இருக்கும்ல" என்றார்.

நான் வாடகை ஃபிளாட்டில் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அதில் தூணும் இல்லை, வராந்தாவும் இல்லை. வேனிலிருந்து பெட்டியை இறக்கினேன். அம்மா சுவரைப் பிடித்தபடி மெல்ல வாசலுக்கு வந்தாள், மும்தாஜ் அண்ணி முந்திக்கொண்டு வந்து அதை வாங்கிக்கொண்டாள். "மாடில கடல் பாத்த ரூமு உனக்குத்தான்" என்றாள்.

மறுநாள் ஃபாத்திஹா ஓதி, எல்லோருக்கும் பிரியாணி போட்டார்கள். கடைக்கு வலை வாங்க வரும் மீனவர்கள், ஜமாஅத்துப் பெரியவர்கள், மரக்காணம் வரையிலிருந்து உறவுகள் என்று வாசல் நிறைந்திருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் சாலையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அண்ணன் ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். "எலிவேஷன் தங்கச்சி போட்டது. ஆஸ்திரேலியாவுல அதான் அது வேல." அவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தலையாட்டினேன். ஒரு தடவைகூட மறுக்கவில்லை. அண்ணியின் தம்பி தட்டை வைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு அக்கா. இதே மாதிரி, தூணு மட்டும் ரெண்டு சேத்து" என்றார். சரி என்றேன். வகுப்பில் திரையில் தெரிந்த இந்தச் சுவரும், அதன் முன்னால் நின்று நான் சுட்டிக் காட்டியதும்தான் கண்முன் வந்தன.

அடுத்த நாள் காலை கடைக்குப் போனேன். அண்ணன் தனியாக உட்கார்ந்து நைலான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இனிமேல் தள்ளினால் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்ததால் நின்றபடியே சொல்லிவிட்டேன். "அண்ணே, நீ அனுப்பின வூட்டு போட்டோவ ஆபீஸ்ல காட்டினேன். நல்லதுக்கு இல்ல. எப்படிக் கட்டக் கூடாதுன்னு சொல்றதுக்கு."

அவர் கை நிற்கவில்லை. "சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"நீ?"

"நானும்தான். யார் வூடுன்னு கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன்."

கயிற்றை முழுவதும் சுருட்டி முடித்தார். முடிச்சுப் போட்டு ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார், "எதுக்கு சிரிச்சாங்க? தூணுக்கா, டைல்ஸுக்கா?"

கோபத்தில் கேட்கவில்லை. எங்கே தவறாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் திட்டியிருந்தால் என்னால் அழுதிருக்க முடியும். "எல்லாத்துக்கும்தான்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு ஆள் தார்ப்பாய் கேட்டு வந்தான். அண்ணன் எழுந்து போய் அளந்து கொடுத்தார். திரும்பி வந்ததும், "வெயில்ல நிக்காத, வூட்டுக்குப் போ. அண்ணி நாஸ்தா வெச்சிகினு காத்துகினு இருப்பா" என்றார்.

அதற்குப் பிறகும் என்னிடம் ஒரு குறையும் வைக்கவில்லை. எனக்குப் பிடித்த இறால் வாங்கி வந்தார், மாமல்லபுரம் பக்கம் அழைத்துப் போனார், மாடி அறையில் கொசுவலை கட்டிக் கொடுத்தார். ஆனால் நான் கடையில் சொன்ன அன்றே மாலை, விருந்துக்கு வர முடியாத ஒரு உறவினர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "யார் போட்ட டிசைன் ஹமீது?" என்று கேட்டபோது, நான் ஹாலில்தான் இருந்தேன். "செங்கல்பட்டு இன்ஜினியர் போட்டது" என்றார் அண்ணன். அதன் பிறகு யார் கேட்டாலும் அதுவே பதில். அதுதான் உண்மையும்கூட. அதில் நான் குறை சொல்ல என்ன இருக்கிறது?

மெல்போர்ன் திரும்பிய முதல் நாளே அந்தப் படத்தைப் பாடத்திலிருந்து எடுத்தேன். அது என் அண்ணன் வீடு என்று க்ளேரிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "ஐயோ, முன்பே சொல்லியிருக்கலாமே, நாங்கள் சிரித்திருக்கவே மாட்டோமே" என்றார். நான் மன்னிப்பு எதிர்பார்க்கிறேன் என்று நினைத்துப் பலமுறை மன்னிப்புக் கேட்டார். நான் சொல்ல வந்தது அதுவல்ல. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தமிழிலும் இத்தனை பக்கம் ஆகிறது. மற்ற இரண்டு கிளைகளில் பாடம் எடுப்பவர்கள் அந்தப் படத்தை ஏற்கெனவே நகலெடுத்துக்கொண்டார்களாம். அழிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். பதில் இல்லை.

போன மாதம் அண்ணி பேசும்போது, காம்பவுண்டுச் சுவர் எழுப்புகிறார்கள், கேட் வைக்க வேண்டும் என்றாள். அண்ணன் கேட்கவில்லை. நானாகவே உட்கார்ந்தேன். உப்புக் காற்று, கடை வேன் திரும்புவதற்கு வேண்டிய அகலம், அம்மா பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கைப்பிடி, எல்லாவற்றையும் யோசித்து நான்கு டிசைன் வரைந்து அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக்கோடு வந்தது. இரண்டு நாள் பதில் இல்லை.

மூன்றாம் நாள் மாலை வேலை முடிந்து டிஸ்ப்ளே ஹோம்களின் விளக்கை அணைத்து ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்தபோது போன் அதிர்ந்தது. அண்ணனின் குரல். "நல்லா கீதும்மா நாலும். வாசல் கேட்டு போன வாரமே போட்டாச்சு." கூடவே ஒரு படம். கரும்பச்சை கேட், புதுச் சுவர், அதற்கு மேலே நான்கு தூண்கள். எல்லோரும் எங்கோ போயிருக்க வேண்டும், தோழியிடம் அன்று நான் சொன்ன மாடி வீட்டைப் போல கேட் பூட்டியிருந்தது. அண்ணன் அதைச் சாலையில் நின்று எடுத்திருந்தார். ஆளில்லாத எட்டு வீடுகளின் சாவிக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நடைபாதையில் நின்று, நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.