கடுக்காய்ப் பொடியும் வலது பாதமும்

சோளிங்கர் பெருமாள் கோயில் மலையேறி வந்த மறுநாள் காலை, கூடத்துத் தரையில் இரத்தக் கறையைக் கண்டு என் மனைவி கமலா பதறினாள். அது என் வலது பாதத்திலிருந்து கசிந்திருந்தது. எனக்கோ வலியே இல்லை.

நெடுநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போயிருந்தது (நரம்புச் சிதைவு: காயம் பட்டாலும் உணர்வு எழாத நிலை). வெறுங்காலுடன் படியேறுவது என் நேர்த்திக்கடன்.

"ஊருக்கே ஷூ தைக்கிற ஆம்பூர்ல செருப்பு இல்லாம நடக்குறது நீங்க ஒருத்தர்தாங்க," என்றாள்.

அடுத்த வீட்டு பஷீர் பாய், தோல் பதனிடும் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கடுக்காய்ப் பொடி கொண்டுவந்தார்.

"பேஜார் ஆவாதீங்க அய்யா. மாட்டுத் தோலையே கெட்டுப் போவாம காப்பாத்துது. உங்க காலு இன்னா, அத விட ஜாஸ்தியா?"

சிரித்துக்கொண்டே காலை நீட்டினேன். வாய்ப்புண்ணுக்குக் கடுக்காய் நீரைக் கொப்பளித்து வளர்ந்தவர்கள் நாங்கள், ஐயம் எழவில்லை. நாள்தோறும் பூசினோம். புண் பழுப்பேறி, காய்ந்து, இறுகியது. ஆறிவிட்டதென்றே மூவரும் மகிழ்ந்தோம். பிறகு காய்ச்சல் வந்தது.

வேலூர் மருத்துவமனையில் மருத்துவர் அம்மையார் கடுக்காய்க் கதையைக் கேட்டு, அந்தப் பொருக்கைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா அய்யா, தோல் மாதிரி உங்க காலையும் பதம் போட்டுட்டீங்களா?"

பொருக்கை நீக்கியதும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மேல இறுகிடுச்சு. உள்ள சீழ் வெளிய வர வழியில்ல. எலும்பு வரைக்கும் போயிருக்கு. ரெண்டு விரல எடுக்கணும். பாதத்தக் காப்பாத்தப் பாக்குறேன்."

இரண்டு விரல்கள் போயின; பாதம் தப்பியது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பஷீர் பாய் தலை நிமிராமல் அமர்ந்திருந்தார்.

"காலை நீட்டினது நாந்தானே பாய்," என்றேன். அவர் என் செருப்பை எடுத்துக் காலருகே வைத்தார்.

என்னைப் போல் அல்லலுறுவோர்க்கு ஒன்று சொல்வேன். மூலிகையை நான் பழிக்கவில்லை. சளி பிடித்தால் இன்றும் தூதுவளை ரசம்தான். உணர்விழந்த பாதத்தில் புண் வந்தால் மட்டும் நீங்களாக எதையும் பூசாதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான் காலைதோறும் பாடும் ஆழ்வார் பாசுரங்கள் பெருமாளின் திருவடியையே நாடுகின்றன. வாழ்நாளெல்லாம் அவற்றைப் பாடிய நான், என் அடியை ஒருநாளும் நோக்கியதில்லை. இப்போது விடிந்ததும் கமலா என் பாதத்தின் கீழ் கைக்கண்ணாடி பிடிக்கிறாள். இருவரும் குனிந்து பார்க்கிறோம். இருவருக்கும் முதுகு வலிக்கிறது. மாதக் கணக்கில் எதையும் திட்டமிடும் தெம்பு இப்போது இல்லை.

"இன்னிக்கு ஒன்னும் இல்லீங்க. பாடுங்க," என்கிறாள்.

அந்த ஒரு நாளைப் பெற்றுக்கொண்டு பாடத் தொடங்குகிறேன்.